மீன் ஏன் மாண்டது?

எந்த உயிர் மாண்டாலும் முடிவில் நிகழ்வது ஒன்றே, மூச்சு நின்றுவிடுகிறது. மன்னனுக்கும் அதுவே, மண்புழுவுக்கும் அதுவே. ஆகையால் "இவன் ஏன் இறந்தான்?" என்று ஒருவர் கேட்க, "மூச்சு நின்றதனால் இறந்தான்" என்று மற்றொருவர் சொல்வாராயின், அச்சொல்லில் பொய் இல்லை, ஆனால் விடையும் இல்லை. கேட்டவர் வாயை அடைப்பதற்கு மட்டும் அது போதும். உண்மையாய் இருந்துகொண்டே வாயை அடைக்கும் இத்தகைய விடைகளைப் பற்றிச் சிறிது ஆராய விரும்புகிறேன். அதற்கு மனிதரைக் காட்டிலும் மீன் நல்ல உதாரணம். மீனுக்கு உறவினர் இல்லை. பிரேத விசாரணை கோருவார் இல்லை. அதன் சாவுக்கு யார் எதை எழுதிவைத்தாலும் மறுத்துரைக்க ஆளில்லை.

நம் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கிடக்கும் நீரிணையில் மிதவைக் கூண்டுகள் கட்டி மீன் வளர்க்கிறார்கள். நாம் சியாக்காப் என்று சந்தையில் வாங்கும் கொடுவாயும், கெராப்பு என்னும் களவாயும் இத்தகைய கூண்டுகளில் வளர்பவை. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நீரிணையின் மேற்குப் பகுதிக் கூண்டுகளில் மீன்கள் கூட்டங் கூட்டமாய்ச் செத்து மிதந்தன. மறு ஆண்டு சிங்கப்பூர்ப் பக்கத்துக் கூண்டுகளில் மட்டும் 500 டன்னுக்கு மேல் அழிந்தன. மாதக்கணக்காகத் தீனி போட்டு வளர்த்தவர்கள் ஓரிரு இரவுக்குள் வெறுங்கையராய் நின்றார்கள்.

ஏன் மாண்டன? நீரில் பிராணவாயு குன்றியது என்றார்கள். மூச்சு நின்றது என்னும் விடைக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். பிராணவாயு ஏன் குன்றியது? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் நீரில் பெருகின. பகலில் வெயிலை உண்டு பிராணவாயுவைக் கொடுக்கும் இவை, இரவில் கொடுத்ததைத் திரும்ப வாங்குகின்றன. மடிந்து அழுகும்போது மிச்சம் இருப்பதையும் வாங்கிவிடுகின்றன. விடியற்காலத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனாலேதான். அன்றியும், நமது நாட்டு ஆராய்ச்சியாளர் 2014-இல் மேற்குப் பகுதி நீரைச் சோதித்துக் கார்லோடினியம் ஆஸ்திராலே என்னும் நுண்ணுயிரைக் கண்டனர். இதன் உறவினங்களுள் சில, மீனின் செவுளைச் சிதைக்கும் நஞ்சைச் சுரப்பவை. ஆயினும் அவ்வறிஞர்கள் தம் கட்டுரைத் தலைப்பில் "இது கொன்றது" என்று எழுதவில்லை. மீன்களின் சாவோடு தொடர்புடையது என்ற அளவிலே நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாசி ஏன் பெருகிற்று? அம்மாதம் மழை பொய்த்தது; சிங்கப்பூரில் 1869 முதல் எழுதிவந்த மழைக் கணக்கில் அதுவரை அவ்வளவு வறண்ட மாதம் இருந்ததில்லை. இரு கரை நகரங்களின் சாக்கடையும், தோட்டத்து உரமும், மீன் தின்னாது விட்ட தீனியும் பாசிக்கு எருவாகக் கூடியவை. ஏற்றவற்றம் குன்றிய நாட்களில் கடல்நீர் வந்து கழுவிச் செல்வதும் குறைவு. கழுவாதது ஏன் என்று இன்னும் ஒரு படி ஏறினால் அங்கே 1924-இல் திறப்பு விழாக் கண்ட கடற்பாலம் நிற்கிறது. கல்லைக் கொட்டி எழுப்பிய அப்பாலம் நீரிணையை இரண்டு பைகளாக்கிவிட்டது. ஒரு பக்கத்து நீர் மறுபக்கம் தாராளமாய்ப் போவதற்கில்லை. அப்படியானால் 2014-இல் மீனைக் கொன்றவன் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கல் கொட்டியவனா?

நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். அப்படிப்பினால் எனக்கு விளைந்த நன்மைகளுள் ஒன்று, ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்க நூலைப் பிற்காலத்தில் தட்டுத் தடுமாறியேனும் படிக்க முடிந்தது. ஒரு காரியத்திற்கு முன்னே நின்ற நிலைமைகள் அனைத்தும் சேர்ந்ததே அதன் காரணம் என்றும், அவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுத்து அதற்கு மட்டும் காரணம் என்று பெயர் சூட்டுவது நமது மனப்போக்கின்படி நடப்பது என்றும் அவர் கூறுகிறார். தத்துவ ஞானிக்கு இவ்வளவு போதும். தோட்டத்துக் கிராணிக்குப் போதாது. மனப்போக்கு என்பது காற்றில் வருவதன்று என்பதை அவன் தினமும் காண்கிறான். வறட்சியைக் காரணம் என்றால் யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. பாலத்தைக் காரணம் என்றால் கட்டியவர்கள் மாண்டு வெகுகாலமாயிற்று. நகரத்துச் சாக்கடை என்றால் பத்து இலட்சம் பேர் குற்றவாளிகள். ஆகவே ஒருவரும் குற்றவாளி இல்லை. ஒரு கூண்டில் அளவுக்கு மீறி மீனை அடைத்தது காரணம் என்றால் மட்டும், பெயரும் முகவரியும் உள்ள ஒருவர் எழுந்து நிற்க நேரும். காரணங்களின் கூட்டத்தில் பணங் கட்டாதது எதுவோ, அதற்கே எங்கும் முதல் மரியாதை நடக்கிறது. நம்மவரிடம் தலையெழுத்து என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு இத்தனை செல்வாக்கு எதனால் என்று இப்போது விளங்கும். எந்தக் கேள்விக்கும் அது முன்னதாகவே தயாராக இருக்கிறது. யாரிடத்திலும் காசு கேட்பதில்லை.

நிற்க. பிறரைச் சொன்னது போதும். என் கதைக்கு வருகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இளைய கிராணியாக இருந்தேன். தோட்டத்தோடு சேர்ந்த எண்ணெய் ஆலையின் கழிவுக் குளங்கள் ஒரு சிற்றோடைக்கு மேலே இருந்தன. ஒரு நாள் இரவு பெருமழை. ஒரு குளத்தின் கரை வழிந்தது. விடிந்தபோது ஓடை பழுப்பு நிறமாய்ப் புளித்த வாடையோடு ஓடிற்று. லயத்துப் பிள்ளைகள் வாளி கொண்டுபோய்ச் செத்த மீனை அள்ளினார்கள். ஓடைக்குக் கீழே, எங்கள் தோட்டத்திலேயே நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவர், ஓடை நீரை வாய்க்காலில் திருப்பி இரண்டு குளங்களில் மீன் வளர்த்துவந்தார். ஒன்றில் திலாப்பியா, மற்றதில் கெளுத்தி.

சம்பவ அறிக்கை எழுதுவது என் வேலை. "காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. பெரிய கிராணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கனமழை என்று போடு; மழை பெய்தது உண்மைதானே?" என்றார். உண்மைதான். எழுதினேன். வயது இருபத்து மூன்று. வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்.

பெரியவர் நஷ்ட ஈடு கேட்டு மனுக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, அது இயற்கைச் சம்பவம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு ஆதாரம் நான் எழுதிய ஒரு சொல். அவர் அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். என்னைச் சிறு பிள்ளையாய் இருந்தபோதே அறிந்தவர்; ஆதலால் கோபிக்கவில்லை. "தம்பி, மழை எனக்குப் புதுசா? அறுபது வருஷமா இந்த மழையிலதான் நனையிறேன். எந்த மழைக்கும் சாகாத மீன் இந்த மழைக்கு ஏன் செத்துச்சு?" என்றார். சிறிது நேரம் நின்று, "இன்னொண்ணு பாத்தியாப்பா? திலாப்பியா பூராவும் போச்சு. பக்கத்துக் குளத்துல கெளுத்தி ஒண்ணுகூடச் சாகல. தண்ணி ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான்" என்றும் சொன்னார்.

எழுத்தறியாத அப்பெரியவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்குள் ஒரு தர்க்க நூலே அடங்கியிருந்தது என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின. எப்போதும் இருந்துவருவது எதுவோ அது புதிதாய் விளைந்த கேட்டை விளக்காது. அன்று மட்டும் மாறியது எது என்று கேள் என்பது முதற் கேள்வி. இரண்டாவது அதனினும் நுட்பமானது. கெளுத்தி செவுளால் மட்டுமன்றி மேலே வந்து காற்றையும் விழுங்கிச் சுவாசிக்க வல்லது. நீரில் கொடிய நஞ்சு கலந்திருந்தால் இரண்டும் மாண்டிருக்கக் கூடும். ஒன்று பிழைத்து ஒன்று மாண்டது, நீரில் மூச்சுக்கு வழியில்லாமற் போயிற்று என்பதற்குக் கண்கண்ட சாட்சி. அந்த மூச்சைத் தின்றது எது? ஆலைக் கழிவுநீர் சுத்தி செய்யாத நிலையில், லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைச் சில நாட்களில் தின்னத்தக்கது. நல்ல ஓடை நீரில் இருப்பதோ லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம். அதாவது ஒரு லிட்டர் கழிவு, 3,000 லிட்டர் ஓடை நீரின் மூச்சை நிறுத்தப் போதும். இது இரகசியமன்று. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வகுத்து, அந்த 25,000-ஐ முதலில் 5,000 ஆகவும், 1984-க்குள் படிப்படியாய் 100 ஆகவும் குறைக்கும்படி கட்டளையிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே அரசாங்க ஏட்டில் ஏறிவிட்ட ஒரு காரணத்தை, என் கட்டத்தில் நான் ஏற்றவில்லை.

மழை பெய்தது உண்மை. கரை வழிந்தது உண்மை. கரையை உயர்த்தாமல் இருந்ததும் உண்மை. மூன்றில் எதை எழுதுவது என்பதில் அறிவுக்கு வேலை கொஞ்சம்; அச்சத்துக்கு வேலை அதிகம்.

காரணத்தைத் தவறாகப் பெயரிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று சிலர் கேட்கலாம். நம் தோட்டத்து முன்னோர் வாழ்விலேயே அதற்கு விடை இருக்கிறது. 1901-இல் கிள்ளானில் வேலையேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்துக் காட்டை வெட்டிக் காய்ச்சலைத் தணித்தார். அதே வைத்தியத்தைக் குன்றுப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் ஏறிற்று. காட்டுச் சதுப்பின் நிழலில் முட்டையிடும் கொசு வேறு. வெயில் படும் தெளிந்த மலையோடையில் முட்டையிடும் கொசு வேறு. முன்னதற்கு நிழலை அழித்தல் மருந்து. பின்னதற்கு அதுவே விருந்து. இரண்டையும் காய்ச்சல் என்னும் ஒரே சொல்லால் எழுதி மூடிவிட்டால், ஒரு தோட்டத்தைக் காத்த கோடரி அடுத்த தோட்டத்தில் ஆளைக் கொல்லும். அப்படிக் கொன்றும் இருக்கிறது. வாட்சன் எந்தக் கொசு, எந்த நீர், எந்த நிழல் என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்த பிறகே மலைத் தோட்டங்களுக்கு உரிய வழி தோன்றிற்று.

இப்போது மீனுக்குத் திரும்புவோம். மீன் சாவைப் பிரித்துப் பிரித்து எழுதும் பழக்கத்தில் உலகத்தில் முன்னே நிற்பவர்கள் நார்வே நாட்டார் என்று நினைக்கிறேன். அங்கே குளிர்ந்த கடலில் பெருங் கூண்டுகள் கட்டிச் சால்மன் வளர்க்கிறார்கள். ஒரு கூண்டில் இரண்டு இலட்சம் வரை வைக்கலாம் என்பது சட்டம். 2023-ஆம் ஆண்டில் மட்டும் கடற்கூண்டுகளில் 6 கோடியே 28 இலட்சம் சால்மன் மாண்டதாக அந்நாட்டுக் கால்நடை மருத்துவ நிலையம் தன் ஆண்டறிக்கையில் அச்சிட்டு வெளியிட்டது, நூற்றுக்கு 16.7. செல்வம் கொழிக்கும் ஒரு தொழில் தன் பிணக் கணக்கை இப்படிச் சந்தியில் வைப்பது சாதாரணமன்று. அத்தொழிலை நான் புகழ்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டா. ஆறில் ஒன்று சாகும் வளர்ப்பைப் புகழ என்ன இருக்கிறது? நான் சொல்வது ஏட்டை.

அவ்வேட்டில் இழப்பு என்பது ஒரே சொல்லாய் இல்லை. கூண்டில் மாண்டது ஒன்று. வெட்டுமிடத்தில் கழித்துத் தள்ளியது ஒன்று. வலை கிழிந்து தப்பியோடியது ஒன்று. எண்ணிக்கைப் பிழையும் பிறவும் ஒன்று. கிராணிகளுக்கு இதன் அருமை தெரியும். வெட்டிய குலைக்கும், வண்டி ஏறிய குலைக்கும், ஆலையில் நிறுத்த எடைக்கும் இடையே காணாமற்போவதை ஒரே பெயரிட்டு அழைத்தால், அதற்குள் திருட்டும் மறதியும் அழுகலும் ஒன்றாய்ப் படுத்து உறங்கும். நம் நீரிணையிலும் கூண்டில் விட்ட மீனுக்கும் பிடித்த மீனுக்கும் கணக்கு நேர்வதில்லை என்றால், நீர்நாய் தின்றதும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கும், ஆள் தின்றதும் இருக்கும்.

மாண்டவற்றையும் அவர்கள் நாள்தோறும் எடுத்து எண்ணி, தொற்றுநோயா, காயமா, கடல் நிலைமையா என்று பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்ததனால் வெளிப்பட்ட ஒரு சங்கதி வேடிக்கையும் வேதனையுமானது. சால்மனைக் கடற்பேன் பற்றுகிறது. மருந்துகளுக்கு அப்பேன் பழகிவிட்டது. ஆகவே மீனை வெதுவெதுப்பான நீரில் முக்கியும், நீரைப் பாய்ச்சியும், தூரிகையால் தேய்த்தும் பேனை உதிர்க்கிறார்கள். குளிர்நீர் மீன் அதைத் தாங்குமா? பேன் எடுக்கப் போய்த் தலையை எடுத்த கதையாக, இவ்வைத்தியத்தால் உண்டான காயமே சாவுக்குத் தலையாய காரணங்களுள் ஒன்றாகிவிட்டது. எல்லாவற்றையும் பேன் என்ற கட்டத்தில் போட்டிருந்தால் இது என்றைக்கும் தெரிந்திராது. ஆயினும் சிக்கல் இங்கேயும் முடியவில்லை. முன்னமே செவுள் நோயால் நலிந்த மீன், வெந்நீரில் முக்கியதால் மாண்டால் அதை எந்தக் கட்டத்தில் வைப்பது? நலிந்ததை முக்கியவர் யார் என்ற கேள்வி, மீன் வைத்தியத்தைத் தாண்டி மனிதருடைய நியாயத்துக்குள் வந்துவிடுகிறது.

மனிதச் சாவுக்கும் இதே வம்பு உண்டு. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மரணச் சான்றிதழ் முறையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் இருக்கும். முதல் வரியில் கடைசியாய் நேர்ந்தது. அதற்குக் கீழே, அது எதனால். அதற்கும் கீழே, அது எதனால். அடியில் நிற்கும் வரியே மூல காரணம். இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று மட்டும் எழுதி மருத்துவர் தப்பிக்கொள்ளலாகாது. எனக்கு இப்படிவத்தின் மீது ஒரு பக்தியே உண்டு. ஒவ்வொரு வரியும் கீழ்வரியை நோக்கி "எதனால்?" என்று விரல் நீட்டுகிறது.

ஆனால் படிவம் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரும்புப் பாதை போட்டார்கள். அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்க் கல் நட்டுப் பெயர் பொறித்திருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழரும், பர்மியரும், ஜாவானியரும், மலாய்க்காரரும் அங்கே மாண்டது 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு என்றேன், கணக்கு என்று சொல்லவில்லை. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இருபதாயிரம் பேர் இருந்தார்களா, இல்லையா என்பதே தெரியாது. வாந்திபேதி என்கிறோம், மலேரியா என்கிறோம், சீதபேதி என்கிறோம். பேதி வந்தது கெட்ட நீரால், தாங்காமற்போனது பட்டினியால், பட்டினி கிடந்தது வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனதால். யாருக்கு எந்த வரி என்று எழுத ஒரு தாள் இல்லை. நார்வேயில் ஒரு சால்மனுக்கு உள்ள தாள் என்று நினைக்கும்போது, அந்த அறிக்கையை மேற்கொண்டு படிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

இவ்வாறெல்லாம் எண்ணியதன் பயனாக, இரண்டு சொற்களை ஒன்றாகக் கலக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒன்று, தெரியவில்லை என்பது. மற்றொன்று, தேடவில்லை என்பது. நீரை எடுத்துச் சோதித்து, எந்த மீன் மாண்டது எது பிழைத்தது என்று பார்த்து, மணியும் நிறமும் வாடையும் குறித்து, அதன் பின்னும் விளங்காவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவது நேர்மை. மேற்கே மாண்ட மீனுக்கு அவ்வறிஞர்கள் தொடர்புடையது என்று நிறுத்திக்கொண்டதும் அவ்வகையே. ஒன்றும் செய்யாமல் அதே சொல்லை எழுதுபவன், அறியாமையின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். ஏட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எழுதியவனுக்கு மட்டும் வேறுபாடு தெரியும்.

அப்பெரியவர் இப்போது இல்லை. போன ஆண்டு காலமானார். கடைசி வரை கெளுத்தி மட்டுமே வளர்த்தார். அவர் மகனிடம் என் பழைய அறிக்கையைப் பற்றி நான் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அப்பாவுக்குத் தெரியும் அண்ணே" என்று மட்டும் சொன்னான்.

நான் இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு வாய்க்காலில் மீன் மிதந்தது. அறிக்கைப் படிவத்தில் இப்போது கட்டத்துக்குப் பதிலாக அச்சிட்ட நான்கு சொற்கள்: மழை, நோய், திருட்டு, மற்றவை. ஒன்றுக்கு மட்டும் குறியிட வேண்டும். நான் மற்றவை என்பதில் குறியிட்டு, பக்கத்து ஓரத்தில், மீன் மிதந்த மணி, நீரின் நிறம், மாண்ட இனம், பிழைத்த இனம், முந்திய நாள் உரம் தூவிய வயற்காட்டின் எண் ஆகியவற்றை எழுதி, நீர் சோதிக்கப்படவில்லை என்றும் சேர்த்தேன். நான்கு நாளில் படிவம் திரும்பி வந்தது. கட்டத்துக்கு வெளியே எழுதலாகாது என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. தனித்தாளில் அதையே திரும்ப எழுதி, படிவத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.